எர்த் இருக்கிறது, சரி, வேலை செய்கிறதா? அறிகுறி வாரியாகச் சோதிக்கும் வழிமுறை

"எர்த் நல்லா இருக்கு, பல்பு போட்டுப் பார்த்துட்டேன்." எர்த் கோளாறு என்று எங்கே போனாலும் முதலில் காதில் விழுவது இதுதான். பேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே 100 வாட் பல்பை மாட்டுகிறார்கள், பளிச்சென்று எரிகிறது, வேலை முடிந்தது என்று கிளம்பிவிடுகிறார்கள். அந்தப் பல்பு எரிய அரை ஆம்பியர்கூட வேண்டாம். மண்ணில் அடித்த எர்த் ராடின் தடை 5 ஓம் என்றால் பல்புக்குச் சுமார் 228 வோல்ட் கிடைக்கும். 50 ஓம் என்றால் 210. இரண்டு வெளிச்சத்துக்கும் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் பேஸ் வயர் ஒரு இயந்திரத்தின் உடலில் பட்டால், 5 ஓமில் 46 ஆம்பியர் ஓடும். 50 ஓமில் 4.6 ஆம்பியர்தான். 16 ஆம்பியர் பிரேக்கர் அதை ஒரு சின்ன அடுப்பு என்று நினைத்துக்கொண்டு பேசாமல் இருக்கும்.

இன்னொன்று: எர்த் 500 ஓம் அளவுக்குக் கெட்டிருக்கும்போது இந்தப் பல்புச் சோதனை செய்தால், சோதிக்கிற அந்த நேரத்தில் கட்டடத்தில் எர்த் இணைந்திருக்கும் எல்லா உலோகமும் 100 வோல்ட்டைத் தாண்டும். யாராவது குழாயையோ ஃபிரிட்ஜையோ தொட்டுக்கொண்டிருந்தால் அவர்தான் சோதனைப் பொருள்.

கீழே சொல்லும் எண்கள் எல்லாம் 230 வோல்ட் இணைப்புக்கு.

## தொடங்கும் முன்

அளப்பதற்காக எர்த் ராடிலிருந்து வயரைக் கழற்றுவது விளையாட்டு இல்லை. கோளாறு மின்னோட்டம் ஓடிக்கொண்டிருக்கும்போது கழற்றினால், ஒரு கையில் ராடும் மறு கையில் வயரும் இருக்க, நடுவில் நீங்கள் இணைப்பாகிவிடுவீர்கள். வரிசை இதுதான்: முதலில், வயரைக் கவ்வி அதில் ஓடும் கரண்டைக் காட்டும் கிளாம்ப் மீட்டரை எர்த் வயரில் மாட்டிப் பாருங்கள். அப்புறம் மெயினை ஆஃப் செய்து, யாரும் போட முடியாதபடி பூட்டுங்கள். மறுபடி கிளாம்ப் மீட்டரைப் பாருங்கள். பூஜ்யம் என்றால்தான் நட்டில் கை வைக்கலாம். பூஜ்யம் ஆகவில்லையா, நேராகக் கடைசித் தலைப்புக்குப் போங்கள்.

கூடவே, உங்கள் இணைப்பு எந்த வகை என்று தெரிந்துகொள்ளுங்கள். மின்சாரம் வரும் கேபிளோடு விநியோகிப்பவரின் எர்த்தும் வருகிறதா, அல்லது நீங்கள் அடித்த ராடு மட்டுமே எர்த்தா? முதல் வகையில் கோளாறு மின்னோட்டம் உலோக வழியாகவே திரும்பிப் போவதால் நூற்றுக்கணக்கான ஆம்பியர் ஓடும். இரண்டாவது வகையில் மண் வழியாகத்தான் போக வேண்டும். இந்தப் பக்கத்தில் பெரும்பாலும் பேசுவது இரண்டாவது வகையைப் பற்றி.

## அறிகுறி 1: உலோக உடலைத் தொட்டால் சுருக்கென்கிறது

### ஒரே ஒரு கருவியில் மட்டும்

பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பிளக்கின் எர்த் பின்னுக்கும் கருவியின் பெயின்ட் இல்லாத உலோகப் பகுதிக்கும் நடுவே தடையை அளவுங்கள். மீட்டர் வயரின் தடையைக் கழித்த பிறகு அரை ஓமுக்குள் இருக்க வேண்டும். திறந்த சர்க்யூட் காட்டினால் பிளக்கைப் பிரித்துப் பாருங்கள். பாதி நேரம் பச்சை வயர் பின்னிலிருந்து கழன்று தொங்கும். இரண்டாவது சந்தேகம் சாக்கெட்: எர்த் துளையில் உள்ள பித்தளைத் தகடு விரிந்துபோய்ப் பின்னைப் பிடிக்காமல் இருக்கும். மூன்றாவது, சாக்கெட்டுக்கு எர்த் வயரே இழுக்காமல் விட்டிருப்பது.

இங்கே பலர் ஏமாறுகிற ஒரு இடம் உண்டு. எர்த் விட்டுப்போன கணினி அல்லது வாஷிங் மெஷினின் உடலை டிஜிட்டல் மல்டிமீட்டரால் அளந்தால் 90, 100, 115 என்று ஏதாவது காட்டும். உடனே "பேஸ் லீக்" என்று கருவியைப் பிரிக்கத் தொடங்குகிறார்கள். கருவிக்குள் இரைச்சலை வடிகட்டும் இரண்டு சின்ன கெப்பாசிட்டர்கள் பேஸிலிருந்தும் நியூட்ரலிலிருந்தும் உடலுக்குப் போகின்றன. எர்த் இல்லாவிட்டால் உடல் அவற்றின் நடுப்புள்ளியில், அதாவது பாதி வோல்ட்டேஜில் மிதக்கும். குறைந்த தடை முறை உள்ள மீட்டரால் மறுபடி அளவுங்கள். எண் சரிந்து விழுந்தால் அது கெப்பாசிட்டர் வேலை; எர்த்தைச் சரிசெய்தால் போதும். சரியாமல் நின்றால் நிஜமான லீக்கேஜ். கருவியை ஒதுக்கி வைத்துவிட்டு ரிப்பேர்காரரிடம் கொடுங்கள்.

### எல்லாக் கருவிகளிலும், குழாய்களிலும்

ஒரு வீட்டில் வாஷிங் மெஷின் ஷாக் அடிக்கிறது என்று கூப்பிட்டார்கள். ஏற்கெனவே இரண்டு பேர் வந்து மெஷினைப் பிரித்துப் பூட்டியிருந்தார்கள். பிளக்கையே பிடுங்கிப் பார்த்தேன், மெஷினில் ஷாக் நின்றது, மாட்டினால் வந்தது. மெஷின்தான் குற்றவாளி என்று யாரும் சொல்வார்கள். ஆனால் மெஷினின் சுவிட்சை ஆஃப் செய்து பிளக்கை மட்டும் மாட்டியபோதும் ஷாக் இருந்தது. பேஸ் அறுந்த பிறகு வோல்ட்டேஜ் எந்த வழியில் வரும்? எர்த் பின் வழியாகத்தான்.

போர்டிலிருந்து ராடுக்குப் போகும் மெயின் எர்த் வயரில் கிளாம்ப் மீட்டரை மாட்டினேன். 3.1 ஆம்பியர். பிரேக்கர்களை ஒவ்வொன்றாக இறக்கினேன். நான்காவதை இறக்கியதும் 0.00. அது குளியலறை வாட்டர் ஹீட்டர். காயிலின் உறை வெடித்துத் தண்ணீரில் கரண்ட் ஒழுகிக்கொண்டிருந்தது. ராடின் தடையை அளந்தால் 52 ஓம். 3.1 ஆம்பியர் அந்த 52 ஓம் வழியாக ஓடும்போது எர்த் வயரில் 160 வோல்ட். வீட்டில் எர்த் இணைந்த எல்லாமே அந்த 160 வோல்ட்டில் நின்றிருந்தன. செருப்புப் போட்டு நடக்கிற வீடாக இருந்ததால் பிழைத்தார்கள்.

அதனால், எல்லா இடத்திலும் ஷாக் என்றால், ஷாக் அடிக்கிற கருவியைப் பிரிக்காதீர்கள். மெயின் எர்த் வயரில் கிளாம்பை மாட்டி, பிரேக்கர்களை ஒவ்வொன்றாக இறக்குங்கள். எதை இறக்கும்போது எண் விழுகிறதோ அங்கே இருக்கிறது கோளாறு. எர்த் வயரில் கரண்டே இல்லாமல் ஷாக் மட்டும் இருந்தால், வயர் ராடுக்குப் போகும் வழியில் எங்கோ அறுந்திருக்கிறது. மின் பணியாளரைக் கூப்பிடும் வரை மெயின் ஆஃபிலேயே இருக்கட்டும்.

## அறிகுறி 2: பேஸ் உடலில் பட்டும் பிரேக்கர் விழவில்லை

பிரேக்கர் பழுது என்று மாற்றுவார்கள். புதியதும் விழாது. கணக்கைப் பார்த்தால் காரணம் புரியும். சி வகை எம்.சி.பி. (நாம் பிரேக்கர் என்று சொல்வதுதான்) உடனடியாக விழ, அதன் அளவைப் போல் 5 முதல் 10 மடங்கு கரண்ட் வேண்டும். சி16 என்றால் உறுதியாக விழ 160 ஆம்பியர். 230ஐ 160ஆல் வகுத்தால் 1.4 ஓம். கோளாறு மின்னோட்டம் சுற்றிவரும் மொத்தப் பாதையும் அந்த 1.4 ஓமுக்குள் அடங்க வேண்டும். பி வகை என்றால் 5 மடங்கு போதும், 80 ஆம்பியர், 2.9 ஓம். ராடு மட்டும் உள்ள இடத்தில் இதெல்லாம் கைக்கு எட்டாத எண்கள்.

இந்த இடத்தில்தான் செலவு வீணாகிறது. "இன்னும் இரண்டு ராடு அடிக்கலாம், இன்னும் நாலு மூட்டை கரி போடலாம்" என்று 1 ஓமைத் துரத்துவார்கள். ராடு மட்டுமே எர்த் என்றால், பாதுகாப்பைத் தர வேண்டியது ஆர்.சி.சி.பி., அதாவது பேஸில் போகும் கரண்டும் நியூட்ரலில் திரும்பும் கரண்டும் ஒத்துப்போகாதபோது அறுக்கும் பிரேக்கர். உடலில் ஏறும் வோல்ட்டேஜ் 50ஐத் தாண்டாமல் அது விழ வேண்டும் என்பது கணக்கு. 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி.க்கு ராடின் தடை 1,667 ஓம் வரை போகலாம். 100க்கு 500 ஓம். 300க்கு 167 ஓம். இது காகிதக் கணக்கு. 200 ஓமுக்கு மேல் உள்ள ராடு கோடையில் எங்கே போய் நிற்கும் என்று சொல்ல முடியாது, ஆகவே நடைமுறையில் 200க்குள் கொண்டுவாருங்கள், 100க்குள் என்றால் நிம்மதி.

சோதிக்கும் வரிசை: முதலில், போர்டில் ஆர்.சி.சி.பி. இருக்கிறதா? பல போர்டுகளில் அந்த இடத்தில் வெறும் ஐசொலேட்டர், அதாவது கையால் மட்டும் இயங்கும் மெயின் சுவிட்ச்தான் இருக்கும். முன்பக்கத்தில் டெஸ்ட் பட்டன் இல்லையென்றால் அது ஆர்.சி.சி.பி. இல்லை. அடுத்து, லூப் டெஸ்டரை வெவ்வேறு சாக்கெட்டுகளில் மாட்டி, பேஸ்–எர்த் லூப் தடையைக் குறித்துக்கொள்ளுங்கள். ஆர்.சி.சி.பி. உள்ள இடத்தில் அதை விழவைக்காத முறையில் வையுங்கள். எல்லாச் சாக்கெட்டிலும் 60, 61 என்று வந்து ஒன்றில் மட்டும் 300 வந்தால் அந்தச் சாக்கெட்டின் எர்த் வயரில் தளர்வு. எல்லாவற்றிலும் 300 என்றால் ராடு அல்லது ராடின் இணைப்பு.

மூன்றாவது, ஆர்.சி.சி.பி. விழும் நேரத்தை அதற்கான ஆர்.சி.டி. டெஸ்டரால் அளவுங்கள். 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. என்றால், 30 மில்லி ஆம்பியரில் 300 மில்லி விநாடிக்குள், 150இல் 40 மில்லி விநாடிக்குள் விழ வேண்டும். 15இல் விழக் கூடாது.

டெஸ்ட் பட்டனை அமுக்கினேன், விழுந்தது, அப்படியானால் எர்த் சரிதானே என்று கேட்பார்கள். அந்தப் பட்டனுக்கும் எர்த்துக்கும் சம்பந்தமே இல்லை. உள்ளே ஒரு சின்ன ரெசிஸ்டர் வழியாகப் பேஸையும் நியூட்ரலையும் குறுக்காக இணைக்கிறது, அவ்வளவுதான். எர்த் வயரே இல்லாத கட்டடத்திலும் பட்டன் வேலை செய்யும். சாதனத்தின் பொறி அசைகிறதா என்று பார்க்க மட்டும் அதைப் பயன்படுத்துங்கள்.

## அறிகுறி 3: ஆர்.சி.சி.பி. அடிக்கடி விழுகிறது

### தூக்கினால் நிற்கவே இல்லை

எல்லாப் பிளக்குகளையும் பிடுங்குங்கள். நின்றால் ஒவ்வொன்றாக மாட்டிக் குற்றவாளியைக் கண்டுபிடியுங்கள். தண்ணீர் சூடாக்கும் கருவிகளிலிருந்து தொடங்கினால் நேரம் மிச்சம். பிளக் எதுவும் இல்லாமலும் விழுந்தால் எம்.சி.பி.களை எல்லாம் இறக்கிவிட்டுப் பாருங்கள். அப்போதும் விழுகிறதா? நியூட்ரல் எங்கோ எர்த்தைத் தொடுகிறது. எம்.சி.பி. பேஸை மட்டும்தான் அறுக்கும், நியூட்ரல் இணைந்தே இருக்கும். மெயினை ஆஃப் செய்து நியூட்ரல் வயர்களைப் பாரிலிருந்து கழற்றி, ஒவ்வொன்றையும் எர்த்தோடு 500 வோல்ட் மெகரில் (வயரின் இன்சுலேஷனைச் சோதிக்கும் கருவி) அளக்க வேண்டும். 1 மெகா ஓமுக்குக் குறைந்தால் அந்த சர்க்யூட்டில் கோளாறு. மெகர் போடும் முன் எலக்ட்ரானிக் கருவிகளையும் சர்ஜ் அரெஸ்டரையும் கழற்ற மறந்தால் புதிய செலவு ஒன்று சேரும்.

### சம்பந்தமில்லாத வேறு லோடு போடும்போது விழுகிறது

மோட்டார் போட்டால் விழுகிறது, ஆனால் மோட்டார் நன்றாக இருக்கிறது. இதுவும் பெரும்பாலும் நியூட்ரல்–எர்த் தொடுகைதான். லோடு ஏறினால்தான் நியூட்ரலில் ஓரிரு வோல்ட் வரும், அப்போதுதான் அதன் கரண்டில் ஒரு பங்கு எர்த் வழியாகப் போகும். இரண்டு ஆர்.சி.சி.பி. உள்ள போர்டில் ஒன்றின் நியூட்ரலை மற்றதிலிருந்து எடுத்திருந்தாலும் இதே கதை. புதிதாக லைட் பாயின்ட் சேர்த்த இடத்தில் முதலில் தேடுங்கள்.

### காரணமே இல்லாமல் எப்போதாவது

பேஸையும் நியூட்ரலையும் சேர்த்து, மில்லி ஆம்பியர் காட்டும் கிளாம்ப் மீட்டருக்குள் விடுங்கள். வித்தியாசம் மட்டும் காட்டும். கணினிகளும் இன்வெர்ட்டர்களும் ஒவ்வொன்றும் ஓரிரு மில்லி ஆம்பியர் எர்த்துக்கு விடும். பத்துப் பதினைந்து சேர்ந்தால் சின்ன உந்துதலுக்கே விழும். 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. 15இலிருந்தே விழலாம் என்பதை மறக்காதீர்கள். நிரந்தர லீக்கேஜ் 9க்குள் இருக்கட்டும். அதற்கு மேல் போனால் சர்க்யூட்டுகளைப் பிரித்து இரண்டு ஆர்.சி.சி.பி. போடுவதுதான் வழி. தொல்லை தாங்காமல் 30ஐ எடுத்துவிட்டு 300 போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். விழுவது நின்றுவிடும், உயிரைக் காப்பதும் நின்றுவிடும்.

### மழை வந்தால் மட்டும்

வெளிச் சாக்கெட், கேட் விளக்கு, மோட்டார் கேபிள் ஜாயின்ட். காய்ந்த பிறகு மெகர் போட்டால் நல்ல எண்தான் வரும். ஈரமாக இருக்கும்போதே போடுங்கள்.

## அறிகுறி 4: எர்த் டெஸ்டரில் எண் அதிகமாக வருகிறது

மல்டிமீட்டரின் ஓம் முறையில் ராடை அளந்துவிட்டு வந்த எண் என்றால் அதைக் கிழித்துப் போடுங்கள். மண்ணில் எப்போதும் சிறு கரண்டுகள் அலைந்துகொண்டிருக்கும், உலோகமும் ஈரமும் சேர்ந்து பேட்டரி போல் வேலை செய்யும்; டிசி முறையில் வரும் எண்ணுக்கு அர்த்தம் இல்லை. எர்த் டெஸ்டர் மாறுதிசைக் கரண்டை, மெயின் அலைவெண்ணிலிருந்து விலகிய அலைவெண்ணில் அனுப்புகிறது.

முறைப்படி அளக்க: ராடு 3 மீட்டர் ஆழம் என்றால் எர்த் டெஸ்டரோடு வரும் இரண்டு இரும்பு ஊசிகளில் ஒன்றை, கரண்ட் ஸ்பைக்கை, 30 மீட்டர் தள்ளி அடியுங்கள். வோல்ட்டேஜ் ஸ்பைக்கை அதே நேர்க்கோட்டில், அந்தத் தூரத்தில் 62 சதவீதத்தில், அதாவது சுமார் 18.5 மீட்டரில். ஒரு முறை அளவுங்கள். அப்புறம் வோல்ட்டேஜ் ஸ்பைக்கை 3 மீட்டர் முன்னால், 3 மீட்டர் பின்னால் நகர்த்தி, 15.5இலும் 21.5இலும் அளவுங்கள். மூன்று எண்களும் 5 சதவீதத்துக்குள் ஒத்துப்போனால் சராசரியை எழுதிக்கொள்ளலாம். 24, 31, 40 என்று ஏறிக்கொண்டே போனால் ராடு, கரண்ட் ஸ்பைக் இரண்டின் செல்வாக்கு வட்டமும் ஒன்றின் மேல் ஒன்று விழுகிறது. கரண்ட் ஸ்பைக்கை 45 மீட்டருக்குத் தள்ளி முதலிலிருந்து தொடங்குங்கள்.

இப்படி அளந்தும் அதிகம் என்றால், மலிவிலிருந்து தொடங்குவோம்.

ஸ்பைக்குகள் காய்ந்த மண்ணில் நிற்கின்றனவா? அவற்றின் அடியில் தண்ணீர் ஊற்றலாம். சோதிக்கும் ராடின் அடியில் ஊற்றக் கூடாது. சான்றிதழுக்கு ஆள் வருகிறார் என்றதும் முந்தின ராத்திரி எர்த் குழியில் நாலு குடம் ஊற்றுகிறவர்கள் உண்டு. எண் அழகாக இறங்கும், இரண்டு நாளில் பழைய இடத்துக்குப் போய்விடும். அளப்பதானால் மண் நன்றாகக் காய்ந்திருக்கும் பருவத்தில் அளவுங்கள். அதுதான் உண்மையான எண்.

ராடில் வயர் இணையும் கிளாம்ப். துருவின் மேல் நட்டு இறுகியிருக்கும், கையால் ஆட்டினால் ஆடாது, ஆனால் தொடுகை இருக்காது. கிளாம்ப் வழியாக ஒரு முறை, ராடின் உலோகத்தைச் சுரண்டி அதில் நேராக ஒரு முறை அளவுங்கள். முதலில் 70, இரண்டாவதில் 28 என்றால் ராடு அப்பாவி. சுரண்டி, புது கிளாம்ப் போட்டு, கிரீஸ் தடவி மூடுங்கள்.

ராடே அரித்துப் போயிருப்பது அடுத்தது. உப்பு நிறையப் போட்ட குழியில் ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) பைப் சில வருடங்களில் சல்லடையாகிவிடும். உப்பு முதலில் எண்ணைக் குறைக்கும், பிறகு பைப்பைத் தின்னும், மழையில் கரைந்தும் போகும். பெண்டோனைட் களிமண் போன்ற கலவை இந்த வேலையை அரிக்காமல் செய்கிறது.

கடைசியில்தான் புது ராடு. இங்கே கனமான ராடு வாங்கிப் பணத்தைக் கொட்டாதீர்கள். தன்தடை 100 ஓம்-மீட்டர் உள்ள மண்ணில் 16 மில்லிமீட்டர் தடிமனும் 3 மீட்டர் ஆழமும் உள்ள ராடு சுமார் 33 ஓம் தரும். தடிமனை இரண்டு மடங்காக்கினால் 30. ஆழத்தை இரண்டு மடங்காக்கினால் 19. ஆழம் போக முடியாத பாறை நிலம் என்றால் இரண்டாவது ராடு. முதல் ராடிலிருந்து அதன் நீளத்துக்குக் குறையாத தூரத்தில், முடிந்தால் இரண்டு மடங்கில். பக்கத்திலேயே அடித்தால் பணம் மண்ணில் போனதுதான். சரியான தூரத்தில் அடித்தாலும் பாதியாகக் குறையாது, 55 முதல் 60 சதவீதத்தில் நிற்கும். மூன்று ராடு போட்டும் 200க்குள் வராத நிலத்தில், மண்ணின் தடையை ஆழவாரியாக அளந்து வடிவமைக்கத் தெரிந்தவரைக் கூப்பிடுங்கள்.

## அறிகுறி 5: எண் நம்ப முடியாத அளவுக்குக் குறைவு

ஒற்றை ராடில் 0.4 ஓம் வந்தால் சந்தோஷப்படாதீர்கள். அநேகமாக ராடிலிருந்து மெயின் எர்த் வயரைக் கழற்றவில்லை. தண்ணீர்க் குழாய், கட்டடக் கம்பி, விநியோக எர்த் எல்லாம் சேர்ந்த எண்ணைப் படிக்கிறீர்கள். ஸ்பைக் ராடுக்கு மிக அருகில் இருந்தாலும், நிலத்தடியில் உலோகக் குழாய் கூடவே ஓடினாலும் இப்படி வரும். ஸ்பைக் வரிசையை 90 பாகை திருப்பி மறுபடி அளவுங்கள்.

கவ்வி அளக்கும் எர்த் டெஸ்டர் வைத்திருப்பவர்களுக்கு: அது ராடு வழியாகப் போய் வேறு எர்த் வழியாகத் திரும்பும் சுற்றை அளக்கிறது. திரும்பும் வழி இல்லாத ஒற்றை ராடில் திறந்த சர்க்யூட் காட்டும். இரண்டு ராடுகள் மண்ணுக்குள் உலோகப் பட்டையால் இணைந்திருந்தால் அந்தப் பட்டையின் தடையைத்தான் காட்டும். இரண்டுமே ராடைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

அளந்து முடித்ததும் கழற்றிய வயரைத் திரும்ப மாட்டினீர்களா என்று பாருங்கள். சிரிக்காதீர்கள், மாட்டாமல் போனவர்களின் எர்த் குழியைத் திறந்திருக்கிறேன்.

## அறிகுறி 6: மெயின் ஆஃப், ஆனால் எர்த் வயரில் கரண்ட்

உங்கள் கட்டடத்தின் லோடு எதுவும் ஓடவில்லை, கிளாம்ப் மீட்டர் 2 ஆம்பியரோ 10 ஆம்பியரோ காட்டுகிறது. கோளாறு பெரும்பாலும் உங்கள் பக்கம் இல்லை. வெளியே நியூட்ரல் தளர்ந்திருக்கலாம் அல்லது அறுந்திருக்கலாம். பக்கத்துக் கட்டடங்களின் கரண்ட் உங்கள் ராடை நியூட்ரலாக்கிக்கொண்டு திரும்புகிறது. அக்கம்பக்கத்தில் விளக்குகள் சில மங்கியும் சில பளீரென்றும் எரிந்தால் சந்தேகம் உறுதி.

இங்கே எதையும் கழற்றக் கூடாது. கிளாம்பைத் தொடாதீர்கள், ராடைச் சுற்றிய ஈர மண்ணில் வெறுங்காலோடு நிற்காதீர்கள், கால்நடைகளை அண்டவிடாதீர்கள். ராடைச் சுற்றி மண்ணிலேயே வோல்ட்டேஜ் பரவியிருக்கும். மின் விநியோக அலுவலகத்துக்குப் போன் செய்து, "மெயின் ஆஃப் செய்த பிறகும் எர்த் வயரில் இத்தனை ஆம்பியர் ஓடுகிறது" என்று எண்ணோடு சொல்லுங்கள். "ஷாக் அடிக்குது" என்று மட்டும் சொன்னால் உள்ளே வயரிங் பாருங்கள் என்று பதில் வரும்.